பதிவேட்டில் ஏறாத படகு

சதீஷை வத்சலா நேரில் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் அவன் அந்தப் படகில்தான் இருந்தான்.

முதல் முறை ஜனவரிக் கடைசியில். ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. ஹவுரா கரையில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது ஓர் இரும்புப் படகு. பதினெட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒடிசாப் பக்கம் யாரிடமோ பத்து வருடம் ஓடிய பழைய படகை வாங்கி, அடித்தகட்டை மாற்றி, புது எஞ்சின் வைத்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முகப்பில் 'தாயம்மாள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

மத்திய அரசின் கப்பல் பதிவு அலுவலகத்தில் வத்சலா சர்வேயர். கடலுக்குப் போகும் கலங்களை அளந்து, எஞ்சினையும் உடம்பையும் சோதித்து, உரிமைக் காகிதங்களைச் சரிபார்த்து, பதிவாளரின் கையெழுத்துக்கு அனுப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருட சர்வீஸ். அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபோர்மேனாக இருந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் ஒரு படகின் முகப்பில் தமிழ் எழுத்தை அவள் இந்த ஆற்றில் பார்த்ததில்லை.

"பார்த்து வாங்க மேடம், ஏணி கொஞ்சம் ஆடும்" என்று மேலேயிருந்து ஒருவன் வங்காளியில் சொன்னான். முப்பது வயதிருக்கும். கையில் கிரீஸ் படிந்த துணி.

"பிடிச்சுக்குங்க, ஏறிடுவேன்" என்றாள் அவள் தமிழில்.

அவன் ஏணியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றான். "நீங்க தமிழா? அண்ணன் சொல்லவே இல்லயே" என்றான்.

அவன்தான் சதீஷ். படகின் சொந்தக்காரர் பிரேம்குமார் அவனுடைய அண்ணன். கிதிர்பூரில் அவர்களுக்கு மளிகைக் கடை. ஆற்றின் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது பிரேம்குமாரின் தொழில். அதுவரை வாடகைப் படகில் அனுப்பிக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒன்று வாங்கி அம்மாவின் பெயரை வைத்துவிட்டார். எஞ்சினைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் சதீஷ்தான். அவள் ஒவ்வொரு அளவையும் சொல்லச் சொல்ல, அவன் அதைத் திருப்பி வங்காளியில் சாரங்கிடம் சொன்னான். சாரங் ரஃபீக் மண்டல் ஐம்பத்தைந்து வயதுக்காரர். சுக்கானைப் பிடித்து முப்பது வருடம் ஆனவர். அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை ஆட்டினார்.

"இந்த அளவெல்லாம் டெல்லிக்குப் போகுமா தீதி?" என்று கேட்டான் சதீஷ். மேடம் அதற்குள் தீதி, அதாவது அக்கா, ஆகிவிட்டிருந்தது.

"போகும். ஒரு நம்பர் வரும். அதை உள்ளே உத்திரத்துல அழியாத மாதிரி வெட்டணும். நான் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் பதிவுச் சான்று."

"ஒரு படகுக்கு இவ்வளவா?"

"கடல்ல போனா அது நாட்டோட கலம். எங்க எது நடந்தாலும் இது எங்களோடதுன்னு அரசாங்கம் சொல்லணுமில்ல" என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த சர்வேயர் ஒருவர் அவளுக்குச் சொன்னது. அவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் நடுவில் இரண்டாம் முறை போனாள். எண் வந்து, அதை உத்திரத்தில் பொறித்திருந்தார்கள். பொதுவாக யாராவது ஒரு கூலிக்காரர் உளியால் கோணலாகக் கொத்தி வைத்திருப்பார். சதீஷ் ஒவ்வொரு இலக்கத்தையும் வெல்டிங் மணிகளால் எழுப்பி, அரம் வைத்துத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் தடவியிருந்தான். அவள் டார்ச் அடித்துப் பார்த்து, படிவத்தை நிரப்பினாள். அதில், சோதனையின்போது படகில் இருந்தவர்கள் என்று ஒரு வரி உண்டு. எல்லாரும் அதில் 'பணியாளர்கள்' என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள்.

"எங்க பேரயும் எழுதுங்க தீதி. இதுக்காக ரெண்டு மாசமா கிடந்து பாடுபட்டிருக்கோம்" என்றான் சதீஷ்.

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். சாரங் ரஃபீக் மண்டல். எஞ்சின் உதவியாள் பிகாஷ் தாஸ். எஞ்சின் டிரைவர் சதீஷ். மூவரிடமும் பக்கத்தில் கையெழுத்து வாங்கினாள். அப்போது அது ஒரு விளையாட்டு.

கோப்பு ஒரு எழுத்தில் நின்றது. படகின் பெயர் மாற்றப் பத்திரத்தில் தாயம்மாள் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ஹெச்' இருந்தது, விண்ணப்பத்தில் இல்லை. இரண்டும் ஒன்றே என்று ஒரு அஃபிடவிட் வேண்டும் என்று வத்சலா குறிப்பெழுதினாள். விதி அப்படி. ஏப்ரல் மூன்றாம் தேதி பிரேம்குமார் அஃபிடவிட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வரவுப் பிரிவில் முத்திரை குத்தி அவள் மேசைக்கு அனுப்பினார்கள். அவள் அப்போது மறுநாள் ஹால்தியாவில் ஒரு தூர்வாரும் கப்பலின் ஆய்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் காகிதத்தை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தாள்.

ஹால்தியாவில் இரண்டு நாள் வேலை ஐந்து நாளாயிற்று. திரும்பி வந்தபோது வேறு கோப்புகள் மேசையில் ஏறியிருந்தன. சதீஷ் ஒருமுறை போன் செய்தான். "இந்த வாரம் அனுப்பிடறேன்" என்றாள். பதினெட்டாம் தேதி இன்னொரு முறை செய்தான். அவள் ஒரு கூட்டத்தில் இருந்தாள். "திங்கட்கிழமை கட்டாயம்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை அவளுக்கு அது நினைவில் இல்லை. இதற்கு வேறு காரணம் எதையும் அவளால் பின்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் நோய் இல்லை, வேலை நெருக்கடி இல்லை. மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பிரேம்குமாருக்கு ஒரு கப்பலின் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. முகத்துவாரத்தில் பதினோரு நாளாக நிற்கும் கப்பல். காய்கறி தீர்ந்து குடிதண்ணீரும் குறைந்துவிட்டது. வாடகைப் படகு எதுவும் அன்று கிடைக்கவில்லை. சான்று இன்றோ நாளையோ வந்துவிடும் என்று சதீஷ் சொன்னான். சதீஷ், ரஃபீக், பிகாஷ் மூவரோடும் பிரேம்குமார் 'தாயம்மாள்' படகை அனுப்பினார். மத்தியானம் வானிலை எச்சரிக்கை வந்தபோது அது டயமண்ட் ஹார்பரைத் தாண்டியிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வடமேற்கிலிருந்து கால்பைசாகி அடித்தது. சித்திரையில் இங்கே எப்போதும் வரும் காற்றுதான். அன்று நாற்பது நிமிடம் அடித்தது.

மூன்றாம் நாள் ரஃபீக் மண்டலின் உடல் ஒரு மணல்திட்டில் ஒதுங்கியது. மற்ற இருவரும் கிடைக்கவில்லை. படகும் கிடைக்கவில்லை.

வத்சலாவுக்குச் செய்தி வெள்ளிக்கிழமை தெரிந்தது. அலுவலகத்தில் யாரோ மேசையில் விட்டுப்போன வங்காளிப் பத்திரிகையில், நாலாம் பக்கத்தில், எட்டு வரி. பதிவு இல்லாத படகு என்று போட்டிருந்தது. பெயரைப் பார்த்ததும் அவள் உட்கார்ந்தாள். பிறகு குனிந்து இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். அஃபிடவிட் அங்கேயே இருந்தது. மேலே மூன்றாம் தேதி முத்திரை ஊதா நிறத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அதைக் கையில் எடுத்தவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மாலையில் பதிவாளர் சான்யால் அவளைக் கூப்பிட்டார். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது அவருக்கு. கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, வங்காளியில் மெதுவாகப் பேசினார்.

"விசாரணை வரும், வத்சலா. கோப்பில் என்ன இருக்கிறது?"

"எல்லாம் முடிந்தது, சார். கடைசிக் காகிதம் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. என் மேசையில் கிடந்தது."

சான்யால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரவுப் பிரிவில் முத்திரை குத்தியிருக்கிறார்கள், ஆனால் உன் கைக்கு வந்ததற்குக் கையெழுத்து இல்லை. நான் பார்த்தேன். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று ஒரு வரி எழுது. நீ மார்ச்சில் எழுதிய குறிப்பே அதைத்தானே சொல்கிறது? சான்று இல்லாமல் படகை அனுப்பியது அந்த ஆளின் குற்றம். அது பொய் இல்லையே."

"அது பொய் இல்லை, சார்."

"பிறகு என்ன? யோசித்துத் திங்கட்கிழமை எழுது."

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேம்குமார் லேக் கார்டன்ஸில் அவளுடைய வீட்டுக்கே வந்துவிட்டார். வத்சலாவின் கணவர் கோவிந்தராஜன் கரியாஹாட்டில் காபித்தூள் கடை வைத்திருப்பவர். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கொடுத்த காபியைப் பிரேம்குமார் தொடவில்லை. நான்கு நாள் தாடி. "மேடம், நான் சுத்தி வளைச்சுப் பேசல. உங்ககிட்ட ஒரு தற்காலிக அனுமதி புஸ்தகம் இருக்குன்னு சொல்லுதாங்க. ஒரு நடைக்கு மட்டும் போய்ட்டு வரலாம்னு சர்வேயரே எழுதிக் குடுக்கலாமாம். அதுல ஒரு தாள், இருபத்தி மூணாந்தேதி போட்டு. அது போதும்."

வத்சலா மூலையில் இருந்த தன் ஆய்வுப் பையைப் பார்த்தாள்.

"எனக்காகக் கேக்கல. என்னை ஜெயில்ல போட்டாலும் சரிதான். அனுமதி இருந்துச்சுன்னா மூணு குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ்காரன் பதில் சொல்லியாகணும். இல்லன்னா கள்ளப்படகுன்னுட்டுக் கைய விரிச்சிருவான்." அவர் குரல் உடைந்தது. "என் தம்பி உங்கள நம்பித்தான் மேடம் சொன்னான், இன்னிக்கு வந்துரும்ணேன்னு."

"எனக்குத் தெரியும்" என்றாள் வத்சலா. "திங்கட்கிழமைன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப எழுதுங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அவர் போன பிறகு கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்தப் புத்தகம் வீட்டில்தான், அவளுடைய ஆய்வுப் பையில் இருந்தது. வரிசை எண் போட்ட தாள்கள். கடைசியாக எழுதியது ஏப்ரல் பத்து. அதற்கடுத்த தாள் காலியாக இருந்தது. அவள் எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் கோவிந்தராஜன்.

"தெரியல. அவர் சொல்றது தப்புன்னும் என்னால சொல்ல முடியல. மூணு குடும்பம்."

"சான்யால் சொல்றதும் பொய் இல்லன்னு சொல்ற."

"ஆமாம்."

கோவிந்தராஜன் சற்று யோசித்தார். "நான் கடைக்காரன், எனக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது. ஆனா ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணத்தான் வத்சலா. அந்தக் காகிதம் கிடந்த இருபது நாள் இல்லாமப் போகணும், அவ்வளவுதான்."

அவள் இரவு முழுக்கப் புரண்டாள் என்று சொல்வதற்கில்லை, களைப்பில் தூங்கிவிட்டாள். காலையில் எழுந்தபோதும் அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

அலுவலக வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. சாயம் போன பச்சைச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. காவலாளி இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் புரிந்தும் புரியாமலும் நின்றாள். வத்சலாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் மகேஸ்வரி. சதீஷோட வீட்டுக்காரி."

வத்சலா அவளை உள்ளே அழைத்துப் போய்த் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மகேஸ்வரி கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்து ஐந்து வருடம். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

"எங்க போனாலும் படகு நம்பர் கேக்காங்க" என்றாள். "கரையோரப் போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னேன். கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, அப்படி ஒரு படகே இல்லைங்காங்க. படகே இல்லாதப்ப அதுல ஆள் போனாருன்னு எப்படிம்மா எழுதுறதுன்னு கேக்காங்க. சாரங் பாய்க்காவது உடம்பு கிடைச்சுது. அடக்கம் பண்ணிட்டாங்க. எனக்கு என்ன இருக்கு? காணாமப் போனவர்னு மனு எழுதிக் குடுத்துட்டு ஏழு வருஷம் காத்திருக்கணுமாம்."

வத்சலா டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"எங்க அத்த, தாயம்மாதான், மகன் வந்துருவாருங்காக. எங்கயாச்சும் பங்களாதேஷ் பக்கம் ஒதுங்கியிருப்பாருங்காக. அவுக போன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்லுதாக. பண்ணிட்டேன்." மகேஸ்வரி முந்தானையை விரலில் சுற்றினாள். "நான் அழுதா அத்த கோவப்படுதாக. அழாம இருந்தா தெருவுல ஒரு மாதிரி பார்க்காங்க. நான் என்னவா இருக்கேன்னே எனக்குத் தெரியல மேடம். அந்தப் படகு நெசமா இருந்துச்சுன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நீங்க அதுல ஏறிப் பார்த்தவுகதான?"

"ஆமாம். ரெண்டு தடவை ஏறினேன்" என்றாள் வத்சலா. பிறகு சொன்னாள்: "மகேஸ்வரி, உனக்கு ஒண்ணு தெரியணும். படகோட காகிதமெல்லாம் ஏப்ரல் மூணாந்தேதியே முடிஞ்சிடுச்சு. கடைசிக் காகிதம் இந்த இழுப்பறையில இருந்தது. நான் வெச்சு மறந்துட்டேன். நான் அனுப்பியிருந்தா அவங்க போறதுக்கு முன்னாடியே நம்பர் பதிவாயிருக்கும். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்ட அன்னிக்கே பதில் கிடைச்சிருக்கும்."

மகேஸ்வரி இழுப்பறையைப் பார்த்தாள். சாதாரண இரும்பு மேசை. கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது.

"அவுக ரெண்டு தடவ போன் பண்ணாகளே" என்றாள்.

"பண்ணினான்."

"ரெண்டாவது தடவ பண்ணும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். நல்ல தீதி, நம்ம ஊர்க்காரங்க, செஞ்சிருவாங்கன்னு சொன்னாக."

வத்சலா தலை குனிந்தாள். மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் பதில் சொல்லும் பாரம் அந்தப் பெண்ணின் மேல் விழும் என்று தோன்றியது. சொல்லவில்லை. மகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் டம்ளரை மேசையின் ஓரத்திலிருந்து நடுவே நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்று மத்தியானத்துக்குள் வத்சலா கோப்பில் எழுதி முடித்தாள். ஒன்றரைப் பக்கம். எந்தத் தேதியில் படகை அளந்தாள், எந்தத் தேதியில் எண் பொறித்ததைச் சோதித்தாள், எந்தத் தேதியில் அஃபிடவிட் வந்தது, இருபது நாள் அது எங்கே இருந்தது, யார் போன் செய்தார்கள், அவள் என்ன பதில் சொன்னாள். தற்காலிக அனுமதி எதுவும் கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை என்று தனி வரியாக எழுதினாள். சோதனைப் படிவத்தின் நகலையும், மூன்று பேரின் கையெழுத்து இருந்த பக்கத்தையும் சேர்த்துத் தைத்தாள். தன் ஆய்வுக் குறிப்பேட்டை அப்படியே கொடுத்தாள். பிறகு பிரேம்குமாருக்குப் போன் செய்து, அவர் கேட்டதைச் செய்யவில்லை என்று சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார்.

சான்யால் படித்துவிட்டு நீண்டநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு இன்னும் ஒன்பது வருடம் சர்வீஸ் இருக்கிறது" என்றார். பிறகு, "என் பெயரும் இதில் வரும். மேற்பார்வை என்னுடையதுதானே" என்றார். அவள் "ஆமாம் சார்" என்றாள். அவர் பேனாவை எடுத்து, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

விசாரணை ஆறு மாதம் நடந்தது. டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வத்சலாவை இரண்டு நாள் நிற்க வைத்துக் கேட்டார்கள். தண்ணீருக்குக் காத்து நின்ற அந்தக் கப்பலிலிருந்து ஒரு மாலுமி வாக்குமூலம் அனுப்பியிருந்தார்: காற்றும் மழையும் வருவதற்குச் சற்று முன்னால், மூன்று பேரோடு ஒரு நீலவெள்ளைப் படகு தங்களை நோக்கி வந்ததைப் பார்த்ததாக. அந்தப் படகு எது, அந்த மூன்று பேர் யார் என்று சொல்ல வத்சலாவின் படிவத்தைத் தவிர வேறு காகிதம் எதுவும் அரசாங்கத்திடம் இல்லை. பிரேம்குமார் ஆள் பட்டியல் எழுதும் வழக்கமே இல்லாதவர். அதிகாரி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சதீஷ் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தான். அதை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு எல்லார் முன்னிலையிலும் அழுகை வந்தது. அதிகாரி காத்திருந்தார்.

நவம்பரில் முடிவு வந்தது. ஒதுக்கப்பட்ட எண் கொண்ட 'தாயம்மாள்' என்னும் கலம், பதிவுக்குரிய சோதனைகள் யாவும் முடிந்த நிலையில், சான்று வழங்கப்படுமுன் புயலில் மூழ்கியது; அதில் சென்ற மூவரும் இறந்தனர் என்று கருதப் போதிய ஆதாரம் உண்டு. சான்று இல்லாமல் படகை அனுப்பியது உரிமையாளரின் குற்றம். சான்றைத் தாமதப்படுத்தியது அலுவலகத்தின் குற்றம். இரண்டும் ஒரே பத்தியில் இருந்தன. அலுவலகத்தின் குற்றம் எழுத்தில் இருந்ததால், நிவாரணம் கேட்கிற மனுக்களை அரசாங்கமும் தட்டிக் கழிக்க முடியாமல் போயிற்று. அவை இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. பிரேம்குமார் மேல் வழக்கு இருக்கிறது. கப்பல்களுக்குச் சரக்கு அனுப்புவதை அவர் விட்டுவிட்டார். வழியில் வத்சலாவைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார்.

வத்சலாவை ஆய்வு வேலையிலிருந்து எடுத்து ஆவணப் பிரிவில் போட்டார்கள். பதவி உயர்வு நின்றது. சான்யால் ஓய்வுபெறும் நாளில் அவருக்கும் ஒரு கண்டனக் கடிதம் கிடைத்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தேஷ் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் கடைசியில் மகேஸ்வரி மறுபடி வந்தாள். விசாரணை முடிவின் சான்றிட்ட நகல் ஒன்று வேண்டும், பிகாஷின் அப்பாவுக்காக. அவர் நடக்க முடியாதவர், அவளை அனுப்பியிருந்தார். இப்போது ஆவணப் பிரிவில் நகல் கொடுப்பது வத்சலாவின் வேலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வத்சலா விண்ணப்பத்தை வாங்கி, கோப்பை எடுத்து, பக்கங்களை எண்ணிக் கொடுத்தனுப்பினாள். நகல் வர அரைமணி ஆகும்.

"உக்காரு" என்றாள்.

மகேஸ்வரி உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காதீக. எனக்கு அப்படி இல்ல."

"சரி" என்றாள் வத்சலா.

"ஆனா மத்தவுக எல்லாரும் என்கிட்ட சமாதானம்தான் சொன்னாக. நடந்தத நீங்கதான் சொன்னீக."

அவளுடைய வங்காளி இந்த எட்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டதாம். கரியாஹாட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம். அத்தையைப் பற்றி வத்சலா கேட்டாள். "இறப்பு சர்ட்டிபிகேட் வந்த அன்னிக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னாக. வாசிச்சேன். அரசாங்கமே சொல்லியாச்சான்னு கேட்டாக. ஆமாம் அத்தேன்னேன். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாக. நானும் அன்னிக்குத்தான்." பதினாறு பேருக்குச் சாப்பாடு போட்டு, ஆற்றங்கரையில் சடங்கை முடித்ததாகச் சொன்னாள்.

பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள். குழந்தைக்கு நர்சரி அட்மிஷன். இன்றே கடைசி நாள். ஆங்கிலப் படிவம். பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் ஒவ்வொரு கட்டமாக எழுதியிருந்தாள். தகப்பனார் பெயர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இதுல பேருக்கு முன்னால லேட்னு எழுதணுமா?" என்று கேட்டாள்.

"கட்டாயம் இல்ல. ஆனா கீழ, இருக்காரா இல்லையான்னு கேட்டிருக்காங்க. அதனால எழுதறது நல்லது."

"எழுதலாம்ல? இப்ப யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

"சொல்ல மாட்டாங்க" என்றாள் வத்சலா. "எழுதலாம்."

மகேஸ்வரி பேனாவைத் தேடினாள். வத்சலா தன் பேனாவைக் கொடுத்தாள். அவள் குனிந்து, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினாள். முடித்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அடுத்த வரியில் தாயார் பெயர் கேட்டிருந்தது. அதில் தன் பெயரை எழுதினாள்.